யார் வைத்த வேம்பு

பாலைவனத்தின் நடுவே பச்சையைக் கண்டால் கண் குளிரும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் யாரையாவது பாராட்டினால் அதில் பாதியைக் கழித்துக்கொண்டு படிக்கலாம். திட்டினால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

துபாய்க்கு வெளியே, மணல்மேடுகள் தொடங்கும் இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பெயர் வேண்டாம். இங்கிலாந்துப் பிரபுக்களின் பழைய பூங்கா ஒன்று அப்படியே மணலுக்குள் வந்து உட்கார்ந்ததுபோல இருக்கவேண்டும் என்று அதன் உரிமையாளர் ஆசைப்பட்டார். அதை லண்டனில் ஒரு கம்பெனி கற்பனை செய்தது. கற்பனையை அளவும் கோடுமாக மாற்றும் வேலை சென்னை கிண்டியில், லிஃப்ட் பாதி நாள் ஓடாத ஒரு கட்டடத்தின் நாலாவது மாடிக்கு வந்தது. அங்கே மரங்களை வரைந்தவள் நான். கணினித் திரையில் ஒரு மரம் என்பது ஒரு வட்டம். காலையில் வந்து வட்டம் வைப்பேன், மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி வட்டம் வைப்பேன், சாயங்காலம் பஸ் பிடிக்கப் போய்விடுவேன்.

அந்த வட்டங்கள் மண்ணில் மரமாக நடப்படும்போது பக்கத்தில் இருக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். முறைப்படி நான்தான் போயிருக்கவேண்டும். அப்போது என் வயிற்றில் என் மகன் இருந்தான். அதனால் பக்கத்து நாற்காலி ரேவதி போனாள். ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றுதான் போனாள். அந்த கிளப்பே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. இப்போது மைதானத்தின் மரம், செடி, கொடி எல்லாவற்றுக்கும் அவள்தான் தலைமை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தொப்பியும் பூட்ஸுமாக, ஏரிக்கரையில் நின்று சிரிப்பாள். பின்னால் நிற்பவை என் வட்டங்கள். அந்தப் படங்களை நான் பெரிதாக்கிப் பார்ப்பேன், ரேவதியை அல்ல.

பல வருடம் கழித்து இப்போது அந்த மைதானத்தைச் சீரமைக்கிறார்கள். லண்டன் கம்பெனியின் மூல வரைபடத்தில் இல்லாத மரங்கள் இருபது முப்பது அங்கே நிற்கின்றனவாம். அவை எப்படி வந்தன என்று சொல்ல வரைந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் வரவேண்டும் என்று கடிதம் வந்தது. எங்கள் முதலாளி, "நீதானேம்மா வரைஞ்ச, நீயே போய்ட்டு வந்துடேன்," என்றார். பஸ்ஸில் கிண்டியிலிருந்து தாம்பரம் போய்வரச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஷார்ஜாவில் முவைலாவில் என் பெரியம்மா மகள் கல்யாணி அக்கா இருக்கிறாள். ஹோட்டலில் தங்கினால் பெரியம்மா என்னிடம் பேசமாட்டாள் என்பதால் அங்கேதான் இறங்கினேன். போன அன்றே சாயங்காலம் அத்தான் காரில் உட்காரவைத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கடை வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தால் பையன் ஓடிவருகிறான். இறங்கவே வேண்டாம். ஏலக்காயும் கொதித்துச் சுண்டிய பாலும் சேர்ந்த அந்த டீயைக் கரக் என்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலு பேர் நிற்காத டீக்கடையை என்னால் டீக்கடையாக ஏற்க முடியவில்லை. "இங்க எல்லாரும் கார்லயே உக்காந்து குடிச்சிட்டுப் போய்டுவாங்க, பேச்சே கிடையாது," என்று அத்தானும் வருத்தப்பட்டார்.

நான் பார்த்தது சாலையோர வேம்புகளை. ஒவ்வொன்றின் காலடியிலும் கறுப்பு நிறத்தில் ஒரு சொட்டுக் குழாய். எங்கள் தெருவில் வேம்பு யாரையும் கேட்காமல் கழிவுநீர்க் கால்வாய் ஓரத்தில் முளைக்கும், மின்வாரியத்துக்காரர்கள் வந்து தலையை வெட்டுவார்கள், மறுபடி முளைக்கும். இங்கே வேளாவேளைக்குத் தண்ணீர், உரம், பெயர்ப்பலகை. பிறந்தால் ஷார்ஜாவில் மரமாகப் பிறக்கவேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். "வந்த அன்னிக்கேவா?" என்றாள்.

மறுநாள் டாக்சி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். எனக்குத் தெரிந்த இந்தியில் கிளப்பின் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பருத்திச் சுடிதார், தோளில் துணிப்பை, காலில் செருப்பு. என்னமோ முடிவு செய்துகொண்டு ஓட்டினார். பெரிய வாசலைத் தாண்டி, வேலியோரமாகவே போய், பின்பக்கம் ஒரு இரும்புக் கேட்டில் நிறுத்தினார். அது வேலையாட்கள் போகும் வழி. "மெயின் கேட் வேண்டுமே பாய்," என்றேன். "சகோதரி, வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் இறங்குவார்கள்," என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் தவறும் இல்லை. நானும் வேலைக்குத்தான் வந்திருந்தேன்.

கேட்டுக்கு உள்ளே புல்வெட்டும் வண்டிகள் வரிசையாக நின்றன. பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வண்டியின் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தமிழிலேயே கேட்டார்.

"யாரப் பாக்கணும்க்கா?"

"தமிழ்னு எப்படித் தெரிஞ்சது?"

"பை சொல்லுதே," என்றார். பையில் தி.நகர் ஜவுளிக்கடையின் பெயர் இருந்தது.

அவர் பெயர் முருகேசன், பரமக்குடிப் பக்கம். ரேவதியைப் பார்க்கவேண்டும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "ரேவதி மேடமா? ஏறுங்க, ஏறுங்க," என்று பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஆளுயரப் புதர்வேலி ஒன்றைச் சுற்றித் திரும்பினோம். அதற்கு அந்தப் பக்கம் மணல் முடிந்துபோயிருந்தது.

எப்படிச் சொல்வது? ஆங்கிலேயப் பூங்காவின் ரகசியம் அதில் நேர்கோடே இல்லை என்பது. நம் ஊரில் தோட்டம் என்றால் பாத்தி, வரப்பு, வரிசை. அங்கே பிரபுக்கள் தங்கள் நிலத்தை மான் மேயும் புல்வெளியாக விட்டு, ஆங்காங்கே ஒற்றை மரமும் மரக்கூட்டமும் நிற்கவிட்டு, ஓடையைத் தேக்கி ஏரியாக்கி, எல்லாம் தானாக அமைந்ததுபோல் காட்டுவார்கள். எல்லையில் வேலி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பூங்காக்களில் பிறகு கோல்ஃப் விளையாடினார்கள். புல்வெளி மெல்ல வளைந்து போகும். வளைவில் ஒரு பெரிய மரம் நின்று, பந்தைக் குறுக்கே அடித்துவிடலாமா என்று ஆசை காட்டும். அடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். மரம் அங்கே அழகுக்கும் தொந்தரவுக்கும்தான், மனிதர்களுக்காக அல்ல. இந்தப் பாடத்தை நான் கிண்டியில் புத்தகம் பார்த்துப் படித்து வரைந்தேன். இங்கே அது என் கண்முன் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. நான் வைத்த இடத்தில் வைத்தபடியே நின்ற மரங்களில் பறவைகள் உட்கார்ந்திருந்தன. பறவைகளை யாரும் வரையவில்லை.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. சந்தோஷத்தில் என்று சொன்னால் பொய். இத்தனை வருடமும் ரேவதி தினம் காலையில் இதைப் பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்கிறாள் என்ற நினைப்புதான் காரணம்.

"அக்கா, வெயிலா இருக்கு. மேடம் வர்ற வரைக்கும் ரேவதி மேடம் மரத்தடியில விட்டுர்றேன்," என்றார் முருகேசன்.

"எந்த மரம்?"

"ஏழாம் நம்பர்ல ஒரு வேம்பு இருக்குக்கா. எல்லாரும் அங்கனதான் நிப்பாக. வெள்ளைக்காரனும் நிப்பான், நாங்களும் நிப்போம். மேடம் வெச்சது. அது இல்லன்னா பதினோரு மணி வெயில்ல செத்தோம்."

வண்டி ஒரு மேட்டில் ஏறி நின்றது. அந்த வேம்பு எங்கே நிற்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். முருகேசன் சொன்ன ஏழாம் நம்பர், அதாவது ஏழாவது குழி, தூரம் குறைந்தது. நன்றாக ஆடுகிறவர், பந்தை முதலில் அடிக்கும் புல்மேடையிலிருந்து ஒரே அடியில் பந்தைக் குழிக்கருகே கொண்டுபோய்விடலாம். ஆகவே முன்னால் போன கோஷ்டி ஆடிமுடித்து நகரும்வரை பின்னால் வருகிறவர்கள் மேடையிலேயே காத்து நிற்கவேண்டும். லண்டன் வரைபடத்தில் அந்த மேடையைச் சுற்றி ஒரு மரம்கூடக் கிடையாது. இங்கிலாந்தில் வெயில் அடித்தால் கொண்டாடுவார்கள். மேடைப் புல்லுக்கும் வெயில் வேண்டும். நானோ கிண்டி பஸ் நிறுத்தத்தில் மேற்கு வெயில் முகத்தில் அடிக்க தினம் நின்றவள். காத்து நிற்கும் இடத்தில் நிழல் இல்லாமல் ஒரு படத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. மேடைக்குத் தென்மேற்கே ஒரு வட்டம் வைத்தேன், வேம்பு என்று குறித்தேன். பிற்பகலில் நிழல் மேடைமேல் விழும். யாரிடமும் கேட்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. அந்த மைதானத்தில் நானாக யோசித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அடுத்தவர் யோசனை, என் கை.

அந்த வேம்பின் நிழலில் இப்போது நாலு பேர் நின்றார்கள். இரண்டு கொரியாக்காரர்கள், ஒரு பஞ்சாபி, இன்னொருவர் எந்த நாடு என்று தெரியவில்லை. முன்னால் போனவர்கள் நகரக் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "இந்த மைதானத்தில் புத்தியோடு செய்த ஒரே விஷயம் இந்த மரம்," என்று மற்றவரிடம் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. மற்றவர், "அந்த இந்தியப் பெண்மணியின் யோசனை," என்றார். நானும் இந்தியப் பெண்மணிதான். பக்கத்தில்தான் நின்றேன்.

ரேவதி வந்து கட்டிக்கொண்டாள். "ஏய் மாலு, அப்படியே இருக்கடீ," என்றாள். அவள் அப்படியே இல்லை. முகம் கறுத்து, உடம்பு இறுகி, நடையில் ஒரு அதிகாரம் வந்திருந்தது. அவள் போனால் வேலையாட்கள் குனிந்த வேலையிலிருந்து நிமிர்ந்து சிரித்தார்கள். வண்டியை அவளே ஓட்டி முழு மைதானத்தையும் காட்டினாள். ஏரித் தண்ணீர் ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்தது, கையை வைக்காதே என்றாள். பந்தைச் சிக்கவைக்கும் மணற்பள்ளங்களில் கொட்டியிருக்கும் வெள்ளை மணல் கப்பலில் வந்தது என்றாள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். ஆனால் அந்த மணல் ரொம்பப் பொடியாம், பந்து புதைந்துபோகுமாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் பழையபடி சிரித்தோம். கோடையில் தாங்கும் புல் குளிர்காலத்தில் பழுத்துவிடும் என்பதால் அதன் தலையை மொட்டையடித்து மேலே இங்கிலாந்துப் புல் விதையைத் தூவுவார்கள். அதற்காக அடுத்த வாரம் மைதானத்தை மூடுகிறார்கள். மூடும்போதே வெட்டவேண்டிய மரங்களையும் வெட்டிவிடுவார்கள்.

கிளப் சாப்பாட்டுக்கூடத்தில் மாவில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வந்தன. உப்பில்லை, உறைப்பில்லை. பக்கத்தில் பச்சைப் பட்டாணியைக் கூழாக்கி வைத்திருந்தார்கள். முருகேசன் வண்டியில் ஒரு டப்பாவில் பார்த்த கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்தது. கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"ஏழாம் நம்பர் வேம்பை நீ வெச்சதா சொல்றாங்க."

ரேவதி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமா. நான்தான் அப்படிச் சொன்னேன்."

"அது நான் வெச்சதுடீ."

"தெரியும். உன் படத்தைப் பார்த்துதானே குழி தோண்டினேன். நட்ட மறுவருஷமே அப்போ இங்க மேனேஜரா இருந்த இங்கிலீஷ்காரன் கத்தினான், யார் இந்தக் கிறுக்கு வேலையைப் பண்ணதுன்னு. மேடைக்குப் பக்கத்துல எவனாவது மரம் வைப்பானான்னான். உன் பேரைச் சொல்லியிருந்தா, மெட்ராஸ்ல எவளோ கைதவறி வெச்சதுன்னு அன்னைக்கே பிடுங்கிப் போட்டிருப்பான். நான் கேட்டு வெச்சதுன்னு சொல்லிட்டேன். ஒரு மெமோ குடுத்தான். வாங்கிக்கிட்டேன்."

"சரி. அப்புறம் பாராட்டினாங்களே?"

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "கிளப் முதலாளி ஒருநாள் நோன்பு மாசத்துல நடந்து வந்து அந்த நிழல்ல உக்காந்தாரு. யார் வெச்சதுன்னு கேட்டாரு. என்னைக் காட்டினாங்க. அதையும் வாங்கிக்கிட்டேன்."

"எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்."

"திட்டு வாங்கினப்போ உன்கிட்ட சொல்லிச் சிரிக்கணும்னு நினைச்சேன். பாராட்டு வந்த பிறகு சொல்ல வாய் வரலை, மாலு."

அவள் மறைக்கவில்லை, அது ஒன்று. மரத்தைக் காப்பாற்றியவளும் அவள்தான். நியாயமாக நான் அவள் கையைப் பிடித்திருக்கவேண்டும். எனக்கோ அந்த மெமோகூட என்னுடையது என்றுதான் தோன்றியது. என் யோசனைக்குக் கிடைத்த புகழும் அவளுக்கு, என் யோசனைக்குக் கிடைத்த திட்டும் அவளுக்கு. எனக்கென்று மிஞ்சியது உப்பில்லாத மீன்.

மூன்றாம் நாள் காலையில் லண்டன் கம்பெனியின் மார்ட்டினோடு நடந்தேன். ஐம்பது வயதிருக்கும். மூக்கு நுனி சிவந்து தோல் உரிந்திருந்தது. நல்ல மனிதர். ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று, அது பூங்காவில் ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வளைவுகளைப் பற்றிப் பேசும்போது கையே வளைந்தது. ஓக் மரத்துக்குப் பதில் இங்கே நிற்கும் வன்னி மரங்களைத் தடவிக்கொடுத்தார். நம் கோயில்களில் சுற்றிவந்து கும்பிடும் அதே வன்னி. இந்த நாட்டுக்காரர்கள் காஃப் என்கிறார்கள். அந்த மரத்தை நாங்கள் கும்பிடுவோம் என்றேன். "செய்யவேண்டியதுதான்," என்றார்.

அவருடைய விதி எளிமையானது. மூல வரைபடத்தில் உள்ள மரம் இருக்கும். உரிமையாளர் தரப்பில், அதாவது சைட்டிலிருந்து கேட்டு வைத்த மரமும் இருக்கும், அதைத் தொட அவருக்கு உரிமை இல்லை. வரைந்த அலுவலகத்தில் கைதவறி விழுந்த மரம் போகும். எது எந்த வகை என்று நான் சொல்லவேண்டும். சொல்லிக்கொண்டே வந்தேன். பெரும்பாலும் உண்மையிலேயே கைத்தவறுகள்தான். வரிசையை நகல் எடுக்கும்போது கூடுதலாக ஒட்டிக்கொண்ட வட்டங்கள். வெட்டுவதற்கு அடையாளமாக அவற்றின்மேல் சிவப்பு நாடா கட்டினார்கள். எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

ஏழாவது மேடைக்கு வந்தோம். மார்ட்டின் குனிந்து மேடையைக் காட்டினார். மரத்தின் நிழல் விழும் பாதியில் புல் சோகை பிடித்து, மண் தெரிந்தது. உதிர்ந்த இலையும் பழக்கொட்டையும் வேறு. மறுபாதி கம்பளம்போல இருந்தது. அவர் காட்டியதில் உண்மை இருந்தது. புல்லுக்கு என் மரம் எமன்.

"வரைந்தவர் இதை யோசித்தே வைத்திருந்தால்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம்கூட மரியாதை குறையாமல் பதில் சொன்னார். "வரைபவர் எதையும் யோசித்து வைக்க முடியாது, மாலதி. அது அவர் வேலை இல்லையே. வடிவமைப்பவர் சொல்லாத மரம் வரைபடத்தில் இருந்தால் அது பிழைதான். ரேவதி தான் கேட்டதாகச் சொல்கிறார். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வரைந்தது நீங்கள். நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்."

நாளை உரிமையாளர் வருகிறார், அவர் எதிரில் சொல்கிறேன் என்றேன். அவர் தலையசைத்தார். முருகேசனும் இன்னும் மூன்று பேரும் மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. ஆனால் கையில் சிவப்பு நாடாச் சுருள் இருப்பது புரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் முவைலாவில் அத்தான் திருநெல்வேலிக்காரர் கடையிலிருந்து பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவந்தார். பரோட்டா நன்றாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கணக்கு வாத்தியார் மகள், எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துவிடுவாள். "நீ வெச்சதுன்னு சொன்னா மரம் போகும், பேர் உனக்கு. அவ கேட்டதுன்னு சொன்னா மரம் இருக்கும், பேர் அவளுக்கு. அவ்ளோதானே?" என்றாள்.

"அவ்ளோதான்."

"வெட்டின மரத்துக்கு என்னடீ பேரு?"

ஆனாலும் மனசுக்குள் ஒரு குரல், வெட்டினால் வெட்டட்டும், அது ரேவதி மரமாக நிற்பதைவிட மாலதி மரமாகச் சாகட்டும் என்றது. அந்தக் குரலை நான் இங்கே மறைக்கலாம். மறைத்தால் முதல் பத்தியில் கொடுத்த எச்சரிக்கைக்கு அர்த்தம் இல்லை.

கடைசி நாள் உரிமையாளர் வந்தார். எல்லோரும் அவரை அபு ராஷித் என்று அழைத்தார்கள். வயதானவர், வெள்ளை அங்கி, காலில் சாதாரணச் செருப்பு. பேட்டரி வண்டி வேண்டாம் என்று நடந்தே வந்தார். அவரோடு நாங்கள் மூன்று பேர். மற்ற மரங்களைப் பற்றி மார்ட்டின் சொன்னதற்கெல்லாம், "கலாஸ், முடிந்தது, எடுத்துவிடுங்கள்," என்று சுருக்கமாக முடித்தார். ஏழாவது மேடைக்கு வந்ததும் நின்றார்.

மார்ட்டின் மேடைப் புல்லைக் காட்டினார். இது வரைந்தவர்களின் பிழையாக இருக்கலாம், அப்படியானால் எடுத்துவிடுவதே முறை என்றார். அபு ராஷித் ரேவதியைப் பார்த்தார். "நீதானே கேட்டு வைத்தாய் என்றாய்?"

ரேவதி வாயைத் திறந்தாள், மூடினாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. நான் என்ன சொன்னாலும் அது எனக்கு உரிமை என்று அவளுக்குத் தெரியும், அதுதான். அந்த ஒரு கணம் அவளுடைய தொப்பி, பூட்ஸ், ஏரிக்கரை எல்லாம் என் கைக்குள் இருந்தன. அப்படி ஒரு இனிப்பை நான் ருசித்ததில்லை.

மரத்தைப் பார்த்தேன். படத்தில் வரைந்ததைவிட ஒரு பக்கம் அதிகமாகக் கிளை விட்டிருந்தது. மேடைக்கு வெளியே வேலையாட்கள் வண்டியை நிறுத்தும் பக்கம் அது.

"ரேவதி போன் பண்ணிக் கேட்டார். நான் வரைந்தேன்," என்றேன்.

ஆங்கிலத்தில் அது இரண்டு சின்ன வாக்கியம். சொல்லி முடித்ததும் நாக்கு கசந்தது. மார்ட்டின் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நம்பினாரா தெரியாது. ஏற்றுக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர், மாற்றிப் பேசவில்லை. சிவப்பு நாடாச் சுருளைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆனால் இந்தப் புல்லுக்கு என்ன செய்வது?" என்றார்.

"மேடையைப் பத்தடி முன்னால் நகர்த்தலாமே. புல்லுக்கு வெயில் கிடைக்கும். காத்திருப்பவர்கள் நிழலில் நிற்கட்டும், அடிக்கிறவர் மட்டும் வெயிலுக்குப் போனால் போதும்," என்றேன் நான்.

மார்ட்டின் யோசித்தார். முகம் தெளிந்தது. பிறகு ரேவதியின் பக்கம் திரும்பி, "இது முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றாள் ரேவதி. தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, எத்தனை நாள் ஆகும் என்று விவரம் சொன்னாள். "நல்ல யோசனை, ரேவதி," என்று குறித்துக்கொண்டார். அவள் அவரிடம், "மாலதி சொன்னது," என்றாள். அவர், "ஆமாம், ஆமாம்," என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

அபு ராஷித் மரத்தடிக்குப் போய் அடிமரத்தைக் கையால் ஒரு தட்டு தட்டினார். "ஒரு மரத்தை மனிதர்களுக்காக வைத்தாய். கடவுள் உனக்கு நல்லது செய்வார்," என்று ரேவதியிடம் சொன்னார். ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான். எங்கள் இருவரின் கண்ணும் ஒரே காரணத்துக்காகக் கலங்கவில்லை. அவளுக்குக் கொடுத்தேன், அது உண்மை. மனசாரக் கொடுத்தேன் என்றும் ஒரு வரி எழுதிவிட ஆசைதான். முடியவில்லை.

பிறகுதான் பெரியவர் என்னைக் கவனித்தார். நான் மேடையின் அந்தப் பக்கம், முழு வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

"சென்னையிலிருந்து வந்த விருந்தாளியை இப்படி வெயிலில் நிற்கவைக்கலாமா?" என்று மற்றவர்களைக் கடிந்துகொண்டார். என்னிடம் திரும்பி, மிகவும் அன்பாகக் கையைக் காட்டினார். "வாருங்கள். வெட்கப்படாதீர்கள். ரேவதியின் மரத்தடியில் கொஞ்சம் உட்காருங்கள்."

நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். நல்ல நிழல்தான்.